தவறு நடந்தது, சரி. செய்தது யார்? கல்லூரி ஆங்கில வகுப்பில் அரசியல் மொழியைப் படிப்பது

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் பேசினார். அதுவரை அந்நாட்டுச் சாதாரண மக்கள் அவர் குரலைக் கேட்டதே இல்லை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து ஒன்பது நாள், நாகசாகியில் விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. போரில் தோற்றுவிட்டோம் என்பதைத்தான் அவர் சொல்ல வந்தார். ஆனால் போரின் போக்கு ஜப்பானுக்குச் சாதகமாகவே அமைந்தது என்று சொல்வதற்கில்லை என்கிற பொருள்படத்தான் சொன்னார். உரை முழுவதிலும் 'சரணடைகிறோம்' என்ற சொல் கிடையாது. அரண்மனை நடையில் இருந்த அந்தப் பேச்சைக் கேட்ட பலருக்கு, போர் முடிந்ததா இல்லையா என்பதே உடனே விளங்கவில்லை.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது. இலக்கணமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்களைக் காணோம். போரைத் தொடங்கியவர் இல்லை, நடத்தியவர் இல்லை, செத்தவர் இல்லை. 'போரின் போக்கு' மட்டும்தான் இருக்கிறது. அது யார் கையும் படாமல் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்கிற தோற்றம் வந்துவிடுகிறது.

ஒரு வாக்கியத்தின் முன்னால் இப்படி நின்று, இதில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று கேட்கப் பழக்குவதுதான், கல்லூரி ஆங்கில வகுப்பில் வாசிப்பு, எழுத்து, அரசியல் மொழி மூன்றையும் சேர்த்து நடத்தும் பாடம். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் இது முதலாண்டிலேயே வந்துவிடும். இப்படி ஒரு பாடம் என்று கேட்டதும் புதிதாகச் சேரும் மாணவருக்கு இரண்டு எண்ணம் வரும். ஒன்று, இலக்கணப் பிழை திருத்தப் போகிறார்கள். இன்னொன்று, ஆசிரியர் தன் கட்சிக் கொள்கையை நம் தலையில் கட்டப் போகிறார். முதல் எண்ணத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. இரண்டாவது பயமும் வெறும் பயம் அல்ல, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றையும் சேர்த்தது. மாணவர்கள் எழுதிய லட்சணத்தைப் பார்த்து ஆசிரியர்கள் அதிர்ந்து போனார்கள். 1885-ல் 'இங்கிலீஷ் ஏ' என்ற எழுத்துப் பாடம் அங்கே முதலாண்டுக்கு வந்தது. மற்ற கல்லூரிகளும் அந்த வழியில் போயின. ஆகவே இந்தப் பாடம் பிறந்ததே பிழை திருத்தத்தான். சிவப்பு மையால் சுழிப்பதுதான் ஆசிரியர் வேலை என்ற நினைப்பு நெடுங்காலம் நீடித்தது.

அது மாறியதற்கு 1970-களின் முற்பகுதியில் நடந்த இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. எழுத்து என்பது கடைசியில் கையில் கிடைக்கும் தாள் அல்ல, யோசித்து எழுதி அடித்துத் திருத்தும் வேலை முழுவதும்தான் எழுத்து என்று டொனால்ட் மரே போன்ற ஆசிரியர்கள் வாதாடினார்கள். அதே சமயத்தில் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அரசின் அறிக்கைகளில் வந்த மொழியைப் பார்த்து ஆங்கில ஆசிரியர்களே கொதித்தார்கள். அமெரிக்காவின் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றம் 1971-ல் நேர்மையற்ற பொது மொழியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, அதைக் கவனிக்க ஒரு குழுவையும் அமைத்தது. 1974-ல் இருந்து, மிக மோசமாக மொழியைத் திரித்த பொது மனிதருக்கு ஆண்டுதோறும் ஒரு 'விருது' கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் விருது கம்போடியாவில் இருந்த ஓர் அமெரிக்க விமானப்படை அதிகாரிக்குப் போனது. குண்டுவீச்சு, குண்டுவீச்சு என்றே எழுதுகிறீர்களே, அது குண்டுவீச்சு இல்லை, விமான ஆதரவு என்று அவர் நிருபர்களிடம் கடிந்துகொண்டிருந்தார்.

அரசியல் மொழி ஆங்கில வகுப்புக்குள் வந்ததற்கு இதுதான் பின்னணி. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மொழியை வைத்து இப்படி ஒரு காரியம் நடக்கிறது, அதைப் பற்றி வகுப்பில் வாய் திறக்காமல் காற்புள்ளி மட்டும் திருத்திக்கொண்டு இருப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, வகுப்பில் என்னதான் செய்வார்கள்? ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, வேறு எதையும் பேசாமல், அதிலேயே நெடுநேரம் கிடப்பார்கள். நுண்வாசிப்பு என்கிறோமே, அது. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். அந்த அனுபவத்தை 1929-ல் புத்தகமாக்கினார். பெயர் தெரியாதபோது நன்றாகப் படித்த பிள்ளைகளே தடுமாறினார்கள். அரசியல் பேச்சில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பேசியவர் யார் என்று தெரிந்த கணமே பாதிப் பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கைதட்டவோ திட்டவோ தொடங்கிவிடுகிறோம்.

ஓர் உதாரணத்தை நிதானமாகவே பார்ப்போம். 1986-ன் இறுதியில், அமெரிக்க அரசு ரகசியமாக ஈரானுக்கு ஆயுதம் விற்றதும், அந்தப் பணத்தில் ஒரு பகுதி நிகராகுவாவின் கிளர்ச்சியாளர்களுக்குப் போனதும் வெளியே வந்தன. 1987 ஜனவரி 27 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் இதைத் தொட்டுப் பேசினார். அந்தப் பேச்சில் இருந்து எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஒரே ஒரு தொடர்தான்: பெரிய தவறுகள் செய்யப்பட்டன. செயப்பாட்டு வினை. தவறு இருக்கிறது, தவறு செய்தவர் இல்லை. பலரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

அங்கே நிறுத்தினால் அது நல்ல வாசிப்பு ஆகாது. அந்தத் தொடருக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் சொன்னவற்றின் சாரம், வரிசை மாறாமல்: ஈரான் விஷயத்தில் நான் ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கினேன். அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பும் ஏற்கிறேன். நோக்கங்கள் உயர்ந்தவை. நாங்கள் விரும்பியது நடக்கவில்லை. அந்த முயற்சியில் பெரிய தவறுகள் செய்யப்பட்டன. இதன் அடிவரை போய்ப் பார்ப்போம், தேவைப்படும் நடவடிக்கையை நான் எடுப்பேன்.

இப்போது எழுவாய்களை மட்டும் வட்டமிடுங்கள். துணிச்சலான முயற்சிக்கு 'நான்'. பொறுப்பேற்பதற்கு 'நான்'. விருப்பத்துக்கு 'நாங்கள்'. தவறுக்கு மட்டும் யாரும் இல்லை. அடுத்து நடவடிக்கை எடுக்க மறுபடியும் 'நான்' வந்துவிடுகிறது. பொறுப்பை ஏற்கும் மனிதர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்று பார்த்தால், முயற்சி பலிக்காமல் போனதற்குத்தான். தவறு செய்ததற்கு அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி, பேச்சு அதற்குள் லாவகமாக நுழைந்து வெளியே வருகிறது. ஆனாலும், அவர் பொறுப்பையே தட்டிக்கழித்தார் என்று எழுதும் மாணவர் பாதி உண்மையைத்தான் எழுதுகிறார். முழுப் பொறுப்பு என்ற சொல் அங்கே பளிச்சென்று இருக்கிறதே. அதைப் பார்க்காதது போல் கடந்துபோனால், நாம் குறை சொல்லும் காரியத்தையே நாமும் செய்தவர்கள் ஆவோம்.

பல ஆசிரியர்கள் இதோடு நிறுத்தாமல், அதே ஆண்டு மார்ச் 4 அன்று அவர் தொலைக்காட்சியில் நாட்டுக்கு ஆற்றிய உரையையும் பக்கத்தில் வைப்பது உண்டு. லெபனானில் பிடிபட்டிருந்த அமெரிக்கப் பிணைக்கைதிகளுக்குப் பதிலாக ஆயுதம் கொடுக்கவில்லை என்று முன்பு சொன்னேன், என் இதயமும் நல்லெண்ணமும் அது உண்மை என்றே இன்னும் சொல்கின்றன, ஆனால் தகவல்களும் ஆதாரங்களும் அப்படி இல்லை என்று சொல்கின்றன என்றார் அதில். அது ஒரு தவறு என்றும் நேராகவே சொன்னார். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மொழி எவ்வளவு நகர்ந்திருக்கிறது! அதே சமயம், இதயம் ஒரு பக்கமும் ஆதாரம் ஒரு பக்கமும் பேச, நடுவில் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது போன்ற அமைப்பும் இருக்கிறது. இது நேர்மையான ஒப்புதலா, நேர்த்தியான தப்பித்தலா? இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கும் கேள்விதான் கட்டுரைக்கு நல்ல கேள்வி. விடை முன்பே தெரிந்த கேள்வியை வைத்து எழுதினால் நான்கு பக்கமும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும்.

இந்தப் பாடத்தில் தவறாமல் தலைகாட்டும் கட்டுரை ஒன்று உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஏப்ரலில் 'ஹொரைசன்' இதழில் எழுதிய, அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றிய கட்டுரை. அதன் அடிப்படை வாதம் எளிது. சிந்தனை மங்கினால் மொழி மங்கும். மங்கிய மொழி திரும்பவும் சிந்தனையை மங்கச் செய்யும். இந்தச் சுழற்சியை மொழியின் பக்கத்தில் இருந்து உடைக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. தேய்ந்துபோன உவமைகளைத் தவிர்க்க வேண்டும், சின்னச் சொல் போதுமான இடத்தில் பெரிய சொல்லைப் போடக் கூடாது, வெட்ட முடிந்த சொல்லை வெட்டிவிட வேண்டும் என்று ஆறு விதிகள் தருகிறார். ஆறாவது விதி, அபத்தமாக எழுத நேர்வதைவிட மற்ற ஐந்தையும் மீறுவதே மேல் என்பது.

விதிகளைவிட அந்தக் கட்டுரையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறோர் இடம். காக்க ஆள் இல்லாத கிராமங்கள் மேல் வானில் இருந்து குண்டு விழுகிறது, மக்கள் ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள், மாடுகள் சுடப்படுகின்றன, குடிசைகள் எரிகின்றன. இதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் என்கிறார். காட்சியையும் சொல்லையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார், அவ்வளவுதான். மாணவர் தானும் இதைச் செய்து பார்க்கலாம். அறிக்கையில் வரும் ஒரு சொல்லை எடுத்து, அது நடந்த இடத்தில் நின்றவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தாலே போதும். அமெரிக்க உளவுத்துறையின் 'மேம்பட்ட விசாரணை முறைகள்' என்பது ஓர் உதாரணம். அந்த முறைகளில் ஒன்று, ஆளைக் கட்டிப்போட்டு முகத்தில் துணி போர்த்தித் தண்ணீர் ஊற்றுவது. 2014 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா, நாங்கள் சிலரைச் சித்திரவதை செய்தோம் என்றே சொன்னார். 'நாங்கள்', 'சித்திரவதை செய்தோம்'. செய்தவரும் செயலும் ஒன்றாக அந்த வாக்கியத்தில் வந்துவிட்டார்கள்.

மென்மையான சொல் எல்லாமே ஏமாற்று அல்ல. பள்ளி இலக்கணத்தில் மங்கலம், இடக்கரடக்கல் என்று படித்திருப்போம். இறந்தவர் வீட்டில் போய் 'இயற்கை எய்தினார்' என்று சொன்னால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை, என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அது கேட்பவரின் மனம் புண்படாமல் இருக்கச் சொல்வது. குண்டுவீச்சை விமான ஆதரவு என்பது, சொல்பவர்மீது கேள்வி வராமல் இருக்கச் சொல்வது. சொல் யாரைக் காக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆர்வெலை வேதமாக எடுத்துக்கொள்ளும் ஒரு வழக்கமும் இருக்கிறது. அது நல்லதல்ல. செயப்பாட்டு வினை வேண்டாம் என்று விதி போட்டவர், அதே கட்டுரையில் அதைத் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறார். நான் கண்டிக்கும் குறைகள் இந்தக் கட்டுரையிலும் இருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். 'கென்னடி 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்பதில் என்ன தப்பு? பேச்சு கென்னடியைப் பற்றியது, அதனால் அவர் முன்னால் நிற்கிறார். 'விமானப்படை எதிரி இலக்குகளைத் தாக்கியது' என்பது சுத்தமான செய்வினை, ஆனால் அந்த 'இலக்கு'க்குள் யார் வீடு இருந்தது என்பதை அது மறைத்துக்கொள்ளும். ஆகவே வினை வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யார், யாருக்கு, என்ன செய்தார்கள் என்ற கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

'சுருக்கமாக எழுது, எளிமையாக எழுது' என்ற அறிவுரைக்கும் இதே கதிதான். அதை உடைத்துக் காட்டும் எழுத்து ஒன்று இந்த வகுப்புகளில் பரவலாக வாசிக்கப்படுகிறது. 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையில் இருந்து எழுதிய கடிதம். அலபாமாவைச் சேர்ந்த வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர், இனப் பாகுபாட்டை எதிர்த்து அந்த ஊரில் நடக்கும் ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலம் கனியாத நேரத்தில் நடப்பவை என்று அறிக்கை விட்டிருந்தார்கள். சிறைக்குள் அதைப் படித்த கிங், அந்தச் செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதில் எழுத ஆரம்பித்தார்.

கடிதத்தின் நடுவில் முந்நூறு சொற்களுக்கு மேல் நீளும் ஒரே வாக்கியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'when' ('...போது') என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அடுக்கிக்கொண்டே போகும். வெறிக் கும்பல் உங்கள் தாய் தந்தையரைக் கொல்வதைப் பார்க்கும்போது, போலீஸ்காரர்கள் உங்கள் சகோதரர்களை உதைப்பதைப் பார்க்கும்போது, தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளிடம் பதில் சொல்ல நாக்கு குழறும்போது, வெள்ளைக்காரர்கள் ஏன் நம்மை இப்படி நடத்துகிறார்கள் என்று ஐந்து வயது மகன் கேட்கும்போது... வாக்கியம் முடியவே முடியாது. வாசிப்பவர் முற்றுப்புள்ளியைத் தேடித் தவித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில்தான் வருகிறது, அப்போது புரியும் உங்களுக்கு, எங்களால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று.

பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களை அந்த வாக்கியமே பொறுத்திருக்க வைத்துவிடுகிறது. அதைப் பத்துச் சிறு வாக்கியங்களாக உடைத்து எழுதிப் பாருங்கள். தகவல் ஒன்றுகூடக் குறையாது, ஆனால் பலம் எல்லாம் போய்விடும். ஹிரோஹிட்டோவின் வரியில் ஆட்கள் மறைந்தார்கள். இங்கே ஒவ்வொரு துண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், வயதோடு, உறவோடு இருக்கிறார்கள். அரசியல் மொழி என்றாலே மூடிமறைப்பது என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். அரிஸ்டாட்டில் காலத்தில் இருந்து சொல்லப்படும் மூன்று வழிகளும், அதாவது பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் மூன்றும், அதில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதைக் காணலாம்.

பெயர் வைப்பதிலும் அரசியல் உண்டு. அமெரிக்காவில் இறந்தவரின் பெரும் சொத்துக்கு விதிக்கும் வரிக்குச் சட்டத்தில் 'எஸ்டேட் வரி' என்று பெயர். எதிர்ப்பவர்கள் அதை 'மரண வரி' என்பார்கள். எஸ்டேட் என்றால் பணக்காரர் நினைவு வரும், மரணம் எல்லோருக்கும் வரும். பெயரை மாற்றினால் வாதத்தில் பாதி முடிந்தது. கருக்கலைப்பு விவாதத்தில் ஒரு தரப்பு 'உயிருக்கு ஆதரவு' என்கிறது, மறு தரப்பு 'தேர்வுரிமைக்கு ஆதரவு' என்கிறது. கருக்கலைப்பு என்ற சொல் இரண்டிலும் இல்லை. எதிர்த்தரப்பின் பெயரில் உள்ள தந்திரம் நமக்கு உடனே கண்ணில் படும். நம் தரப்பின் பெயர் வெறும் உண்மையாகத் தோன்றும். முதலாண்டு மாணவருக்கு மட்டுமல்ல, பழுத்த பேராசிரியருக்கும் இது நேரும். அதனால்தான் தனக்குப் பிடித்த தலைவரின் பேச்சை எடுத்து, பிடிக்காத தலைவரின் பேச்சுக்குக் காட்டும் அதே கறாரோடு அலசச் சொல்லும் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அது வலிக்கும், ஆனால் அதைச் செய்யாதவர் பாடத்தின் பாதியில் நின்றுவிட்டார்.

இனி எழுத்து. இத்தனை வாசிப்பும் எதற்கு என்றால் இதற்குத்தான். அடுத்தவர் வாக்கியத்தில் காணாமல் போன ஆளைக் கண்டுபிடித்த மாணவர், தன் கட்டுரையை இப்படித் தொடங்குவார்:

'இன்றைய சமூகத்தில் பல்வேறு காரணங்களால் ஊடகங்களின் மீதான நம்பிக்கை குறைந்து வருவதாகக் கருதப்படுகிறது.'

யார் கருதுகிறார்கள்? எந்தச் சமூகம்? பல்வேறு காரணங்களில் ஒன்றையாவது சொல்லக் கூடாதா? யாருடைய நம்பிக்கை, எந்த ஊடகத்தின் மீது? அமைச்சரின் அறிக்கையில் மாணவர் கண்டுபிடித்த எல்லாமே இந்த ஒரே வரியில் இருக்கிறது. காரணம் மட்டும் வேறு. அமைச்சர் மறைக்க எதையோ வைத்திருக்கிறார். மாணவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை, பயம்தான். 'நான் நினைக்கிறேன்' என்று எழுதினால் நீ யார் அதைச் சொல்ல என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் 'கருதப்படுகிறது' என்பதன் பின்னால் போய் நின்றுகொள்கிறார். பள்ளியிலேயே இந்த நடைக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கிவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே மாணவரிடம், சரி, உனக்கே நடந்ததா, நீ பார்த்ததா, அதைச் சொல் என்று கேட்டால் எழுத்து மாறும். 'ஒரே போராட்டத்தைப் பற்றி இரண்டு செய்தித்தாள்கள் எழுதியதை ஒப்பிட்டேன். ஒன்று கூட்டம் கலைக்கப்பட்டது என்கிறது. மற்றது போலீஸார் தடியால் அடித்தார்கள் என்கிறது. முதல் செய்தியைப் படிக்கும் வாசகருக்கு யாருக்காவது காயம் பட்டதா என்ற கேள்வியே எழாது.' இதில் பார்த்தவர் இருக்கிறார், பார்த்த பொருள் இருக்கிறது, அதில் இருந்து எடுத்த முடிவும் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிகிற வாக்கியத்தை எழுதுவதற்குத்தான் இங்கே பழக்குகிறார்கள்.

கூற்று, ஆதாரம், இரண்டையும் இணைக்கும் காரணம் என்று ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் முறையை ஸ்டீபன் டூல்மின் 1958-ல் முன்வைத்தார். பல வகுப்புகளில் இன்றும் அதைத்தான் கருவியாக வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் கூற்றையும் ஆதாரத்தையும் எழுதிவிடுவார்கள், இணைப்பில்தான் கோட்டைவிடுவார்கள். மேற்கோளை எடுத்துப் போட்டுவிட்டு 'இதிலிருந்து தெளிவாகிறது' என்று அடுத்த பத்திக்குத் தாவிவிடுவது வழக்கம். அந்தத் தாவல் நடக்கும் இடத்தில்தான் நீங்கள் நின்று எழுத வேண்டும். மேற்கோளில் உள்ள எந்தச் சொல், எப்படி, உங்கள் கூற்றைத் தாங்குகிறது என்று இரண்டு மூன்று வாக்கியங்களாவது அங்கே தேவை. அப்புறம் மறுதரப்பின் வாதம். அதில் பலவீனமானதைத் தேர்ந்தெடுத்து வீழ்த்துவது சுலபம். பலமானதை, அவர்களே படித்தாலும் 'ஆமாம், நாங்கள் சொல்வது இதைத்தான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டு அதன்பின் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சொன்ன பயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் அரசியலைத் திணிப்பாரா? இது பழைய சண்டை. 1990-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு எழுத்துப் பாடத்தைப் பாகுபாடு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து நடத்தலாம் என்று ஒரு திட்டம் வந்தது. தீர்ப்புகள் வாதத்துக்கு நல்ல மாதிரி என்றார்கள் ஆதரித்தவர்கள். எழுத்தின் பெயரில் கொள்கைப் பிரசாரம் என்றார்கள் எதிர்த்தவர்கள். விவகாரம் செய்தித்தாள்கள் வரை போய், திட்டம் தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் நடக்காமலே போனது. அதே பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பாடம் நடத்திய மேக்சின் ஹேர்ஸ்டன், வகுப்பின் மையத்தில் மாணவரின் எழுத்து இருக்க வேண்டும், ஆசிரியரின் சமூக இலக்குகள் அல்ல என்று 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கும் கடுமையான எதிர்வாதங்கள் வந்தன.

என் நிலைப்பாடு இது. அரசியல் பேச்சு வகுப்புக்குள் இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மொழி மிகப் பெரிய வேலை செய்யும் இடம் அதுதான். ஆனால் மதிப்பெண் கட்சிக்குப் போகக் கூடாது, ஆதாரத்துக்கும் இணைப்புக்கும் போக வேண்டும். ஆசிரியரோடு உடன்படாத நல்ல கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காவிட்டால், மாணவர்கள் செமஸ்டர் முழுக்கக் கற்றுக்கொள்வது ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதும் கலையைத்தான். அதுவும் ஓர் அரசியல் மொழிதான், மோசமான வகை.

நீங்களாகவே தொடங்கிப் பார்க்க விரும்பினால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு பொது மனிதரின் மன்னிப்பு அறிக்கையையோ விளக்க அறிக்கையையோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. முதல் தடவை சும்மா படியுங்கள். இரண்டாம் தடவை எழுவாய்களை வட்டமிடுங்கள், வினைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். மூன்றாம் தடவை, நடந்த சம்பவத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தனியாக எழுதி, அதில் எத்தனை பேர் அறிக்கைக்குள் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணில் பட்டதில் ஒன்றே ஒன்றை வைத்து ஒரு பத்தி எழுதுங்கள். ஒருநாள் கழித்து, அதே வட்டத்தையும் அடிக்கோட்டையும் உங்கள் பத்தியின் மேல் போடுங்கள். 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது', 'தெளிவாகிறது' என்று வந்த இடங்களில் எல்லாம் பெயர் வைத்து எழுத முடிகிறதா பாருங்கள். எங்கே முடியவில்லையோ அங்கே உங்களுக்கு இன்னும் தகவல் போதவில்லை என்று அர்த்தம். மறுபடியும் அறிக்கைக்கே போய்ப் படித்துவிட்டு வந்து, அந்த வரியை எழுதுங்கள்.